குந்தியிருக்கும் எழுத்து

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நான் ஆங்கில மனுக்களைத் தட்டச்சு செய்கிறேன். கன்னியம்மா அக்கா தன் மகளின் சாதிச் சான்றிதழுக்காக வந்திருந்தார். முந்தைய மூன்று மனுக்களுக்குப் பதில் இல்லை. இந்த வாரமும் சான்றிதழ் வராவிட்டால் அந்தப் பெண்ணுக்கு விடுதியில் இடம் கிடைக்காது.

அவருக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. ஆனாலும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு சொல்லின் முதல் எழுத்தைக் காட்டினார்.

"இது மட்டும் ஏன் பாப்பா நிமுந்து நிக்குது?"

"அது சப் கலெக்டர்க்கா. பதவிக்குப் பெரிய எழுத்து போடணும்."

"நாங்க எங்க இருக்கோம்?"

இருளர் என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினேன்.

"குந்தியிருக்குது," என்று சிரித்தார். "அங்க ஆபீசுல அவருதான் குந்தியிருப்பாரு. நாங்க காலையில இருந்து நிப்போம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இனத்தின் பெயருக்கும் முதல் எழுத்து பெரிதாக வர வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் படித்திருந்தேன். பழைய மனுவைப் பார்த்து அப்படியே அடித்ததில் அது விட்டுப்போயிருந்தது.

"தப்பு என்னுதுக்கா. உங்களையும் பெரிய எழுத்துல மாத்திடுறேன்," என்று முதல் எழுத்தை அழித்தேன்.

கன்னியம்மா அக்கா சுவரில் சாய்ந்து, வீங்கியிருந்த பாதத்தைச் செருப்பிலிருந்து மெல்ல உருவினார்.

"வேணாம் பாப்பா. பேப்பர்லயாவது கொஞ்ச நேரம் குந்தியிருக்கட்டும்."

முதல் எழுத்து இல்லாத அந்தப் பெயருக்கு முன்னால் சின்னக் கோடு ஒன்று மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.