ஓரத்தில் ஆடியவள்

மகள் செலின் பிரான்சில் சேர்ந்திருந்த பாலே நடனக் குழுவின் நிகழ்ச்சிப் பதிவு இணையத்தில் வந்திருந்தது. புதுச்சேரி வீட்டில் சவரிராயனும் தெரேசும் அதை மாலைதோறும் டிவியில் போட்டுப் பார்த்தார்கள். மேடையில் அத்தனை பெண்களுக்கும் ஒரே வெள்ளை உடை, ஒரே கொண்டை, ஒரே முகப்பூச்சு. ஓரத்தில் ஆடுபவள் செலின் என்று தெரேஸ்தான் கண்டுபிடித்தாள்.

"கழுத்தப் பாருங்க, அப்படியே உங்க கழுத்து."

பெண் மெலிந்துபோனாள் என்று இருவரும் வருத்தப்பட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செலின் போன் செய்தாள். தெரேஸ் எடுத்ததுமே கேட்டாள்: "டிவில எலும்பும் தோலுமா தெரியுற, ஒழுங்கா சாப்பிடறியா?"



"அது நான் இல்லம்மா. முட்டி போயிடுச்சு. போன வருஷமே குழுவ விட்டுட்டேன். இப்ப ஒரு பூக்கடைல வேலை பாக்குறேன்."

"எங்ககிட்ட ஏண்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

"முட்டி இப்ப வலிக்குதா?"

"நிக்கும்போது வலிக்கும்."

போனை வைத்ததும் தெரேஸ் எல்லாவற்றையும் சவரிராயனிடம் சொன்னாள். மாலையில் சவரிராயன் வழக்கம்போல் டிவியைப் போட்டார். தெரேஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளை உடைப் பெண்கள் வரிசையாக மேடைக்கு வந்தார்கள்.

"ஓரத்துல இந்தப் புள்ள ஆடுறத அவ வீட்ல யாராவது பாக்குறாங்களா?" என்று கேட்டாள் தெரேஸ்.