வெறும் டின்

"இண்டைக்கும் வெறும் டின்தானே, ராக்காயி?"

விமலேஸ்வரி டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு குறுணிகூட விழவில்லை.

கண்டாவளைப் பக்கத்து ஊர்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி கட்ட அறநிலையம் கண்டுபிடித்த வழி இது. வீட்டுக்கு ஒரு பால்மா டின். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் விமலேஸ்வரி சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து சேர்த்துக்கொண்டு போவாள். அந்த அரிசி விற்ற காசில் பிள்ளைப்பேற்று அறை எழும்பி, மருத்துவிச்சியும் வந்துவிட்டார். மற்றக் கட்டடம் யன்னல் மட்டத்தில் காசுக்குக் காத்து நிற்கிறது.

அறுபது வீடு. ஒரு வீட்டில் உமியோடு போடுவார்கள். இன்னொரு வீட்டில் புழுத்த அரிசியாகப் பார்த்துப் போடுவார்கள். அதையெல்லாம் புடைத்துப் பொறுக்குகிற தலையிடியும் விமலேஸ்வரிக்குத்தான். ஆனாலும் போடுகிறார்களே. ஒன்றுமே போடாதது இந்த ஒரு வீடுதான்.

"போன கிழமை கேட்டன், அடுத்த கிழமை எண்டாய். அதுக்கு முதல் கிழமை மழை எண்டாய். மழைக்கும் ஒரு பிடி அரிசிக்கும் என்ன சம்பந்தம்?"

ராக்காயி எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்து குடிசை போட்டவள். மகள் சுப்பம்மா ஏழு மாத வயிற்றோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்தில முடிவெடுத்தாச்சு. மூண்டு மாதம் டின் வெறுமையாக் கிடந்தா டின்னையும் வாங்கிறது, அட்டையையும் வாங்கிறது. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?"

டின் வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு மஞ்சள் அட்டை. அதைக் காட்டினால் மருந்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் காசில்லை. அட்டை இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். ராக்காயியிடம் காசு ஏது? அது விமலேஸ்வரிக்கும் தெரியும். அதனால்தான் எரிச்சல் இரண்டு மடங்காக வந்தது.

"உன்ர மகளுக்குத்தானே அது முதல்ல தேவை. ஊருக்குப் போட வேண்டாம், உன்ர பேரப்பிள்ளைக்கெண்டு நினைச்சுப் போட்டிருக்கலாமே."

"இல்லீங்கம்மா..."

"என்ன இல்லீங்கம்மா? கமலாசனி அக்கான்ர டின்னைப் பார். நீ வேலைக்குப் போற வீடுதானே? இப்ப அங்கையிருந்துதான் வாறன். டின் நிரம்பி, சுளகிலயும் குவிச்சு வச்சிருந்தவா. அறநிலையத் தலைவரின்ர பெஞ்சாதி, அவாவுக்கு இல்லாத வேலையே? ஒரு நாளும் பிசகாமல் தன்ர கையாலேயே போடுறா. போன கூட்டத்தில அவாவுக்கு மாலை போட்டது. அவாவைப் பாத்தெண்டாலும் பழகக் கூடாதே?"

அட்டையைத் திருப்பி வாங்கும் யோசனையைக் கூட்டத்தில் சொன்னதும் கமலாசனிதான். குடுக்காதவைக்கு அட்டை என்னத்துக்கு என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். விமலேஸ்வரியும் ஆட்டினாள்.

ராக்காயி உள்ளே போனாள். தகரப் பெட்டியைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்து வந்து நீட்டினாள்.

"இந்தாங்கம்மா."

விமலேஸ்வரிக்குப் பத்திக்கொண்டு வந்தது. கெஞ்சினால் இன்னொரு கிழமை தவணை கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"இப்பிடிக் கல்லு மாதிரி நிண்டா நான் என்ன செய்யிறது?" என்று அட்டையைப் பறித்தாள்.

சுப்பம்மா ஊதாங்குழலைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா அரிசி போடலன்னு யாருங்க சொன்னது?"

"நீ சும்மா இருடி" என்றாள் ராக்காயி.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? அந்த வீட்டு டின்னுல கெடக்கிறது யாரு அரிசி? எங்கம்மா நாள் முழுக்க அங்க நெல்லு அவிச்சு, காய வச்சு, பொடைச்சுட்டு வருது. சாயங்காலம் கூலிக்கு ஒரு கொத்து அரிசி அளப்பாங்க. அளந்ததுலேருந்து ஒரு பிடிய எடுத்து, இது ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லி அவுங்க டின்னுல போட்டுக்குவாங்க. அங்க வேலைக்குப் போற அஞ்சு பேருகிட்டயும் அப்படித்தான். மிச்சத்துல நாங்க கஞ்சி காச்சுறோம். அதுலயும் இன்னொரு பிடி எடுக்கணுமாங்க?"

விமலேஸ்வரி திரும்பிச் சைக்கிளில் இருந்த சாக்கைப் பார்த்தாள். கமலாசனி வீட்டில் அதைக் கட்டும்போது, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாக் காணும் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

அட்டையை ராக்காயியின் கையிலேயே வைத்து அழுத்தினாள். டின்னையும் பழைய இடத்தில் வைத்தாள். அப்படியும் ஆற்றாமை அடங்கவில்லை.

"மூண்டு மாதமா நான் ஏச ஏசக் கேட்டுக்கொண்டு நிண்டியே. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் கூட்டத்தில கேட்டு அதை நிப்பாட்டியிருப்பன். ஏன் சொல்லேல்லை?"

ராக்காயி அட்டையை முந்தானையில் துடைத்தாள்.

"நிப்பாட்டிருவீங்கன்னுதாம்மா சொல்லல. அந்த அஞ்சு பிடியும் எங்க கைக்கே வந்துட்டா, கஞ்சிக்குத்தாம்மா போவும். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஏது அரிசி?"