கடைசி பெஞ்சின் ஓரம்

அந்த மாதா கோயில் பங்கின் கதையைத் தச்சரிடம் கேட்டால் ஒரு நாற்காலியிலிருந்துதான் தொடங்குவார். அவருடைய மாமனார் காலத்தில் கோயில் வெறும் தகரக் கொட்டகை. பிரசங்கத்தின் நடுவில் யாராவது மூச்சிரைக்க வந்து நின்றால், முதல் சாமியார் தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்து போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாராம்.

"அப்படி ஒரு மனுஷனை இனிமே எங்க பாக்கறது?" என்பார் தச்சர்.

வயல்கள் வீடுகளாயின, வீடுகள் மாடிகளாயின. கோயிலும் சுவரை இடித்து இடித்து நீண்டது. சாமியாரைப் பீடத்தருகே அடக்கம் செய்து வெகு காலமாயிற்று. ஆனாலும் எள் விழ இடமில்லாத ஞாயிறுகளில்கூடக் கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கும். பிந்தி வருகிறவர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

விரிவாக்கிய கோயிலின் முதல் பூசைக்குத் தச்சரே பிந்திவிட்டார். காலையில்தான் புதுப் பெஞ்சுகளை இறக்கிப் போட்டுவிட்டுக் குளிக்க ஓடியிருந்தார். திரும்பினால் வாசல்வரை கூட்டம். கடைசி பெஞ்சின் ஓரம் மட்டும் காலி. உட்காரப் போனவர், பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நிற்பதைப் பார்த்தார். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவள்.

"நீ உக்காரும்மா."

உட்கார்ந்தவள் பலகையைத் தொட்டுவிட்டுச் சங்கடப்பட்டாள்.

"சூடா இருக்கே ஐயா! இவ்வளவு நேரம் உக்காந்திருந்த இடத்தை எனக்காக விட்டுட்டீங்களே."

தச்சர் இன்னும் அதில் உட்காரவே இல்லை. பீடத்தருகே சாமியாரின் கல்லறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவரோரமாகப் போய், பக்கத்தில் இன்னோர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றுகொண்டார்.