ஊசிக்குத்துப் பதிவேடு

குத்தியபோது மணி ஒன்பது.

கறுப்புப் பை. மிச்சச் சோறும் பழத்தோலும் போடுகிற பை. துப்புரவுக்காரி அதன் வாயை முடிச்சுப் போட்டுத் தூக்கினாள். உள்ளே கிடந்த ஊசி இடது பெருவிரலில் இறங்கியது.

ஊசிக்கென்று வார்டில் வெள்ளைப் பெட்டி உண்டு. இன்று ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு வருகிறது. பெட்டி அழுக்காகிவிடும் என்று மூன்று நாளாக அதில் யாரையும் ஊசி போட விடவில்லை.

யார் உடம்பில் ஏறி வந்த ஊசியோ.

"ஊசி குத்தினா, பேரு பதிவேட்டுல ஏறினாத்தான் நோய் தொத்தாம இருக்க மாத்திர. அதுவும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள." பாதுகாப்பு வகுப்பில் நர்ஸ் சொன்னதில் அவளிடம் தங்கியது இவ்வளவுதான்.

சூப்பர்வைசர் சகாயராஜிடம் விரலைக் காட்டினாள்.

"யக்கா, குத்துறதுக்கு ஒனக்கு வேற நாளே கெடைக்கலியா? அவுக போவட்டும். கைய மடக்கி வச்சுக்க."

மடக்கி வைத்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்குக் குழு வந்தது. பூங்கொத்து, குத்துவிளக்கு. பாதுகாப்புதான் எங்கள் மூச்சு என்றார் இயக்குநர். முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினார்.

குழுத் தலைவர் வெள்ளைப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். என்ன சுத்தம் என்று வியந்தார்.

பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பெயர்கூட இல்லை. அதையும் வியந்தார்.

'இவ்வாண்டு ஊழியர் எவருக்கும் ஊசிக்குத்து இல்லை' என்று அவரே எழுதினார். ஊழியர் சார்பில் ஒரு கையொப்பம் வேண்டும். சுற்றிலும் பார்த்தவர் கண்ணில் அவள் பட்டாள். இந்த அம்மா கையால்தான் ஆக வேண்டும் என்று நெகிழ்ந்தார்.

அவளுக்குக் கைநாட்டுதான்.

மைப்பெட்டி வந்தது. மணி பத்து ஐம்பது. சகாயராஜைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விரலை விரித்தாள். மை பட்டதும் சுரீரென்றது.

தாளில் நீலம். நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். கேட்கப்போகிறார் என்று மூச்சைப் பிடித்து நின்றாள்.

"சரியா விழல. பக்கத்துல இன்னொண்ணு வைம்மா."

வைத்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

பதினொன்றரைக்கும் அவள் குழாயடியில்தான் நின்றாள். விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கேசரித் தட்டோடு போன சகாயராஜ் எட்டிப் பார்த்தான்.

"விடுக்கா. ரெண்டு நாள்ல தானா போயிரும்."

மையைச் சொன்னான்.