யாருங்க கடைசி?

"சத்துரு, நீ இரு. அந்த அக்கா வாங்கிட்டுப் போகட்டும்."

மீன்கடையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும், எதிர்க்கடையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்த நியேவெஸ் பல்லைக் கடித்தாள். குரல் அவள் மகள் நெரேயாவுடையது. சத்துர்னினோ என்ற எண்பது வயசு மனுஷனைப் பேர் சொல்லி, அதிலும் பாதிப் பேர் சொல்லி, நீ வா போ என்று.

நெரேயா வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஒரு மாசம். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முதலாளி பசிலியோ இன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் இருப்புக்கொள்ளாமல்தான் நியேவெஸ் மகளுக்குத் தெரியாமல் வந்து ஒளிந்து நின்றாள்.

"ஏம்மா, அந்த முட்டைக்கோஸை வாங்கப் போறியா, வளர்க்கப் போறியா?" என்றாள் காய்க்கடைக்காரி.

"பாத்துக்கிட்டிருக்கேன்."

சமோரா ஊர்ச் சந்தையில் யாரும் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பதில்லை. வருகிறவர் "யாருங்க கடைசி?" என்று கேட்பார். ஒருவர் "நான்" என்பார். அவருக்கு அடுத்தது இவர். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் நின்று அரட்டை அடிக்கலாம்.

கைத்தடியோடு நின்ற சத்துர்னினோ நாலாவது தடவையாக "நான்தாங்க" என்று சொன்னார். நாலாவது தடவையும் நெரேயா கத்தியை ஆட்டிக்காட்டி, "நீ இரு தல. அவங்க முன்னாடி போகட்டும்" என்றாள்.

ஓய்வுபெற்ற டீச்சர் எர்மீனியாவுக்குப் பொறுக்கவில்லை.

"பசிலியோ, அரை மணி நேரமா பாக்குறேன். பெரியவரை நிக்க வச்சுட்டு, பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் மீன் வெட்டுறா உன் ஆளு. இதெல்லாம் நல்லால்ல."

"நெரேயா, டீச்சர் சொல்றது கேக்குதா?"

"கேக்குது. டீச்சர், நீ டென்ஷன் ஆகாத. உன் நெத்திலி இன்னிக்குச் செமயா இருக்கு, பாரு."

"நீயாம். நாப்பது வருஷம் பாடம் நடத்தினவளைப் பாத்து நீயாம். மரியாதை தெரியாத பொண்ணு. இவளைப் பெத்த புண்ணியவதி யாரோ."

புண்ணியவதி முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

பசிலியோ ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "சாயங்காலம் மாட்டலாம்னு வாங்கி வச்சிருக்கேன் டீச்சர். நம்பர் சீட்டு குடுக்குற மெஷின். இனிமே யாரும் யாரையும் கேக்க வேண்டாம். சீட்டை எடுத்தோமா, நம்பர் வந்ததும் வாங்கினோமான்னு போயிடலாம்."

நெரேயா கத்தியைக் கீழே வைத்தாள். "அதை மாட்டினா நான் வேலைக்கு வரமாட்டேன்."

"என்னது?"

"மெஷினா, நானான்னு யோசிச்சுக்கோ பசிலியோ."

"ஏன், மெஷின் உன்னை என்ன பண்ணுச்சு?"

நெரேயா சத்துர்னினோவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து ஐஸைப் பார்த்தாள். "அதைச் சொல்ல முடியாது."

"அப்ப ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பும்மா."

நியேவெஸ் குவியலுக்குப் பின்னாலிருந்து தலையை நிமிர்த்தினாள். எட்டு மாசம் அலைந்து கிடைத்த வேலை. ஒரு சீட்டு மெஷினுக்காகவா இந்தக் கழுதை தூக்கிப் போடுகிறது?

நெரேயா முடிச்சை அவிழ்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"அவ சொல்லமாட்டா. நான் சொல்றேன்."

சத்துர்னினோ கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தார்.

"என் வீட்டுக்காரி போய்ச் சேந்து அஞ்சு மாசம் ஆகுது. இந்தப் பொண்ணு வந்த புதுசுல கேட்டா, 'என்ன தல, தினம் வந்து நாலே நாலு மத்தி வாங்குற?'ன்னு. வீட்டுல நான் ஒத்தை ஆள்னேன். மறுநாள், 'இனிமே நீதான் கடைசி'ன்னுட்டா."

சத்துர்னினோ கைத்தடியால் சுற்றி நின்றவர்களைக் காட்டினார்.

"கடைசியா நிக்கிறவன்கிட்டதானே வர்றவங்க எல்லாரும் வாயைத் திறந்தாகணும்? அவங்களை முன்னாடி விட்டுட்டா நான் மறுபடியும் கடைசி. அடுத்து வர்றவங்களும் என்கிட்டதான் கேக்கணும். கேட்ட வாய் சும்மா இருக்குமா? மழை வருமாங்குறாங்க. முழங்கால் எப்படியிருக்குங்குறாங்க. வீட்டுல நாள் பூரா என் குரலை நானே கேட்டதில்ல. நேத்து மட்டும் பதினாலு பேர் என்கிட்ட பேசினாங்க."

எர்மீனியா டீச்சர் பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றாள். "நானும் தினம் பாக்குறேன். ஒரு நாள்கூடப் பேரைக் கேட்டதில்லையே" என்றாள் மெதுவாக.

பசிலியோ பெட்டியை இறக்கிக் கீழே வைத்து, காலால் மேசைக்கடியில் தள்ளினார், அது சுவரில் முட்டும்வரை.

"முடிச்சை இறுக்கிக் கட்டு நெரேயா. நாளைக்கு லீவு, திங்கக்கிழமை மீன் வராது. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வந்துடு."

"வந்துட்டாப் போச்சு" என்றாள் நெரேயா. "டீச்சர், உன் நெத்திலி காத்துக்கிட்டிருக்கு."

நியேவெஸ் முட்டைக்கோஸை வைத்துவிட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, நேராக மீன்கடைக்கு நடந்தாள். அவளுக்கு மீன் ஒன்றும் தேவைப்படவில்லை.

"யாருங்க கடைசி?"

சத்துர்னினோ தோளை நிமிர்த்தினார். "நான்தாம்மா. நீ முன்னாடி போ. ஆமா, இந்தப் பக்கம் பாத்ததே இல்லையே. யாரு நீ?"

நியேவெஸ் சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இந்த மரியாதை தெரியாத பொண்ணைப் பெத்த புண்ணியவதி."