அடக்கமான சம்பந்தி

"அந்த வீட்டுல சுருட்டை வெளிய எடுத்தீங்கன்னா சம்பந்தமே முறிஞ்சிடும்" என்று தேன்கனிக்கோட்டை பஸ்ஸிலேயே கணவனை எச்சரித்திருந்தாள் சரோஜம்மாள். முப்பது வருஷமாகத் திம்மராயனின் பெட்டியிலிருந்து தினமும் இரண்டு சுருட்டை எடுத்து, "தூ, நாத்தம்! குப்பையில போடறேன்" என்று கொண்டு போகிறவள்.

பெண் வீட்டுக்குள் நுழைந்ததுமே திம்மராயனின் மூக்கில் சுருட்டு வாசனை ஏறியது. சம்பந்தி நம்ம ஆள்தான்!

பெண்ணின் அம்மா செல்வம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்ன அடக்கம் பாருங்க! நான் உள்ள போயி பேசிட்டு வரேன்" என்று எழுந்தாள் சரோஜம்மாள்.

பெண்கள் சமையலறைக்குள் போனதும் திம்மராயன் பெண்ணின் அப்பா பக்கம் சாய்ந்தார். "ஒரு சுருட்டு குடுங்க சம்பந்தி. காலையில இருந்து வாய் நமநமங்குது."

நாராயணப்பன் நெளிந்தார். "நான் தொட்டதே இல்லீங்க. எங்க வீட்டுக்காரிதான். எங்க பக்கத்துப் பொம்பளைங்க சுருட்டோட நெருப்பு முனையை வாய்க்குள்ள வெச்சுப் பிடிப்பாங்க. இப்பக்கூட அவ வாயில இருக்குது."

"போச்சு! எங்க வீட்டுக்காரிக்கு சுருட்டுன்னாலே ஆகாதுங்க. கல்யாணம் நின்னுடும்!"

இருவரும் சமையலறைக்கு ஓடினார்கள். அடுப்போரம் செல்வம்மாளும் சரோஜம்மாளும் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சரோஜா, சம்பந்தம் புடிச்சிருக்குதா?" என்றார் திம்மராயன், பயந்துகொண்டே.

சரோஜம்மாள் வாயே திறக்கவில்லை. முந்தானையால் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் அடக்கமாக ஆட்டினாள். முந்தானை ஓரத்தில் மெல்லப் புகை கசிந்தது.