திரையின் முதுகு

ஆபரேஷன் எனக்கு. வீடியோ என் புருஷனுக்கு. கட்டியை எடுக்கப்போகிறோம் என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். எதிர்க் கட்டில் அமிர்தவல்லிக்கும் கட்டிதானாம், நேற்றே எடுத்தாகிவிட்டது.

நர்ஸ் டேப்லெட்டை என் புருஷன் மடியில் வைத்து, ஹெட்போனையும் அவர் காதிலேயே மாட்டிவிட்டாள். "முழுசா பாத்துடுங்க சார். கடைசில 'புரிந்தது'ன்னு வரும், அத அமுக்குங்க."

படுத்திருந்த எனக்குத் திரையின் முதுகுதான் தெரிந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதில் காய்ந்திருந்தது. அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு கொட்டாவி. பிறகு அமுக்கினார்.

"என்ன புரிஞ்சுது?" என்றேன்.

"எல்லாந்தான். நீ பேசாம படு."

"என் வயித்துலருந்து எதை எடுக்கறாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் நர்ஸைப் பார்த்தார். "டென்ஷன் ஆகாதீங்கக்கா, பிரஷர் ஏறிடும்," என்றாள் அவள்.

ஏறட்டும். டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கையாலேயே ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினேன். "முதல்லருந்து போடு. சத்தமா வை."

போட்டாள்.

"வணக்கம் அம்மா," என்றது வீடியோ. "உங்கள் கர்ப்பப்பையை அகற்றுவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை."

எதிர்க் கட்டிலில் அமிர்தவல்லி இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் சத்தமா வை," என்றாள்.